வளர்த்த கோழி வாடும்போது

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

மனிதன் தன் வாசலில் வைத்து வளர்க்கும் உயிர்களுள் நாய்க்கு நன்றி என்னும் பெயர் உண்டு. பசுவுக்குத் தாய் என்னும் பெயர் உண்டு. பாவம், கோழிக்கு விலை மட்டுமே உண்டு. மாடு இறந்தால் தெருவே வந்து துக்கம் விசாரிக்கிறது. கோழி இறந்தாலோ, "முந்தாநாளே அறுத்திருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும்" என்ற ஒரே பேச்சோடு காரியம் முடிந்துவிடுகிறது.

ஆனால், அந்தக் கோழியை வளர்த்தவருக்குக் காரியம் அத்தோடு முடிவதில்லை. முட்டையை எண்ணி அடை வைத்து, 21 நாள் காத்திருந்து, பருந்துக்கும் கீரிக்கும் தப்புவித்து, 'கருப்பி' என்றும் 'புள்ளிச்சி' என்றும் பெயரிட்டு அழைத்த கைகள் அவருடையவை. நம் கல்லூரிக்குக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர் பலரின் வீட்டில் முட்டை விற்ற காசுதான் அம்மாவின் சிறுவாட்டுப் பணம். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளில் அடுக்குப் பானைக்குள்ளிருந்து வெளிவரும் பணமும் அதுவே. ஆகவே ஒரு கோழியின் சாவில் அன்பின் இழப்பும் உண்டு. பொருளின் இழப்பும் உண்டு. இவ்விரண்டையும் எப்படித் தாங்குவது, தாங்கிய பின் என்ன செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணீருக்கு வெட்கம் வேண்டா

"ஒரு கோழிக்காகவா அழுவது?" என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணே விடை வைத்திருக்கிறது. விழுப்புரம் வட்டாரத்தில் அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில் நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவை போரில் விழுந்த வீரனுக்கு நட்டவை அல்ல. போரிட்டு மாண்ட சேவல்களுக்கு நட்டவை. கல்லில் சேவலின் உருவத்தைச் செதுக்கி, அது எந்தச் சேரியின் கோழி என்பதையும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பறவையின் சாவை ஊரே நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கதாகக் கருதியவர்கள் நம் முன்னோர். அவர்கள் வழிவந்த நாம் புள்ளிச்சிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கோழிக்கும் உணர்வு உண்டு என்பதை இன்றைய அறிவியலும் ஒப்புகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குஞ்சுகளின் மீது இலேசாகக் காற்றைப் பீய்ச்சியபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத் துடிப்பு மிகுந்தது. அது குஞ்சுகளை அழைக்கும் குரலும் மிகுந்தது. தன் மீது படாத துன்பத்துக்கும் தாய்க்கோழி பதறுகிறது என்பதே இதன் பொருள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்டவர்கள் இதைக் கருவியின்றியே கண்டறிந்தவர்கள்!

எனவே துயரப்படுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கோழிக்கு வரும் கொடிய நோய்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிற்பவை அல்ல. முதல் கோழி விழுந்த நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே மீதியுள்ள பத்தின் கதி அமைகிறது. பக்கத்து வீட்டுக் கோழிகளின் கதியும் அதைப் பொறுத்ததே. அழுத கையோடு செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

நோயை மறைக்கும் உயிர்

கோழி இயல்பாகவே தன் நோயை மறைக்கும். காட்டில் வாழ்ந்த அதன் மூதாதையருக்கு, நலிவு வெளியே தெரிந்தால் பகைக்கு இரையாவது உறுதி. அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்த பின்னும் மாறவில்லை. ஆகையால் "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது" என்று நாம் சொல்லும்போது, அது உண்மையில் சில நாட்களாகவே நோயோடு போராடியிருக்கக்கூடும்.

இதனால்தான் காலையில் பஞ்சாரத்தைத் திறக்கும் அந்த இரண்டு நிமிடம் மிக முக்கியமானது. எல்லாம் இரைக்கு ஓடும்போது எது பின்தங்குகிறது? எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஒதுங்கி நிற்கிறது? எதன் கொண்டை கறுத்தோ வெளுத்தோ இருக்கிறது? எச்சத்தின் நிறம் என்ன? கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரை, நம்மைவிட மிகுதி. அந்தச் சூட்டைக் காக்க இயலாதபோதுதான் அது வெயில் நேரத்திலும் இறகைச் சிலிர்த்து நிற்கிறது. இதை அறிந்த கண்ணுக்கு நோய் ஒருநாள் முன்னதாகவே தெரியும். அந்த ஒருநாள் பல உயிர்களின் விலை.

நாம் அறிய வேண்டிய நோய்கள்

*வெள்ளைக் கழிச்சல்:* நாட்டுக் கோழிகளின் கூற்றுவன் என்று இதனைச் சொல்லலாம். வெள்ளையும் பச்சையுமாகக் கழிதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கால் இறக்கை செயலிழத்தல், பிழைத்தவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்தில் ஒன்பது போவதும் உண்டு. இது வைரசால் வருவது. 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரை ஒட்டியும் சாவகத் தீவிலும் அறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கேட்டில் காணப்பட்டதால் இந்தியாவில் இதற்கு 'ராணிக்கேட் நோய்' என்ற பெயர் நிலைத்தது. நோய்க்குப் பெயர் தந்தது வடக்கிலுள்ள ராணிக்கேட். அதற்குத் தடுப்பு மருந்து செய்து தருவதோ நம் ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம்! பெயர்களின் இந்த ஒற்றுமை தற்செயலே எனினும் நினைவில் வைக்க உதவும்.

*கோழி அம்மை:* கொண்டை, தாடி, கண்ணைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் கொப்புளம் எழுந்து பொருக்காகும். கொசுவும் இதைப் பரப்புகிறது. தோலோடு நின்றால் மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பொருக்கின் மீது தடவுவது நம் வீடுகளின் வழக்கம். பொருக்கைப் பிய்த்தல் கூடாது. கண் மூடிக்கொண்ட கோழிக்கு இரை தெரியாது. அது நோயால் அன்றிப் பட்டினியால் சாகக்கூடும். கையால் ஊட்டுவதே அதற்கு உயிர்மருந்து.

*இரத்தக் கழிச்சல்:* மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளை மிகுதியும் தாக்குவது. ஈரமான தரையில் பெருகும் ஓரணு உயிரியால் விளைகிறது. இதற்கு நீரில் கலந்து கொடுக்கும் மருந்துகள் உண்டு. காலத்தில் கொடுத்தால் குஞ்சுகள் பிழைக்கும். தரையை உலர்வாக வைத்திருப்பது மருந்தினும் சிறந்தது.

*பறவைக் காய்ச்சல்:* இந்தியாவில் இது முதன்முதலாக 2006 பிப்ரவரியில், மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில் உறுதி செய்யப்பட்டது. காரணம் தெரியாமல் ஒரே சமயத்தில் பல கோழிகள் மடிதல், தலை வீங்குதல், கொண்டை நீலம் பாரித்தல் ஆகியவை கண்டால் நாமாக எதையும் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இது மனிதரையும் தாக்க வல்லது.

முதல் நாளில் செய்வன

நோயுற்ற கோழியை உடனே பிரித்து, வேறொரு பஞ்சாரத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், மற்றவற்றுக்கு எட்டாத தொலைவில் வைக்க வேண்டும். அதற்கெனத் தனித் தண்ணீர்ச் சட்டி வேண்டும். நலமான கோழிகளுக்கு முதலில் இரை வைத்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும். பிறகு கையையும் காலையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நம் செருப்படியிலேயே நோய் வீடுவிட்டு வீடு போகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறிது வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த நீர், நன்கு குழைந்த குருணைக் கஞ்சி ஆகியவை போதும். ஊட்டுவதிலும் ஒரு முறை உண்டு. கோழியின் மூச்சுக்குழாயின் வாய் அதன் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. தலையை அண்ணாத்தி மடமடவென்று ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது தானே விழுங்கும்படி காத்திருக்க வேண்டும்.

அடுத்து, கால்நடை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். "கோழிக்கு வைத்தியமா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் காய்ச்சல் மாத்திரையையும் நுண்ணுயிர்க்கொல்லியையும் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் மிகுந்துவிட்டது. வைரசால் வந்த நோயை நுண்ணுயிர்க்கொல்லி தீர்க்காது. கண்டபடி கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுப்பதை நம் நாட்டு அரசு 2019-ல் தடை செய்ததற்குக் காரணமும் இந்த அச்சமே.

சந்தைக்கா, சட்டிக்கா?

இனி, கசப்பான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இரண்டு கோழி விழுந்ததும் பல வீடுகளில் எழும் முதல் எண்ணம், "மீதியையாவது சந்தையில் தள்ளிவிடுவோம்" என்பதே. இதை எண்ணுபவர் கெட்டவர் அல்லர். இழப்பை ஓரளவேனும் ஈடுகட்ட நினைக்கும் ஏழையின் எண்ணம் அது. ஆனால் வெள்ளைக் கழிச்சலின் கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாள் கழித்தே அடையாளம் காட்டும். நலமாகத் தெரியும் அந்தக் கோழி சந்தைக் கூடையில் இருபது கோழிகளோடு உட்காரும். மாலையில் இருபதும் இருபது ஊருக்குப் போகும். அடுத்த வாரம் இருபது வீட்டு அம்மாக்களின் சிறுவாடு அழியும். அடுத்த ஆண்டு அதே சந்தை வழியாக நோய் நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

நோயுற்றதை அறுத்துச் சமைப்பதும் முறையன்று. கொதிக்கும் குழம்பில் கிருமி மடியலாம். ஆனால் அறுக்கும் கையிலும், சிந்தும் இரத்தத்திலும், குப்பைமேட்டில் எறியும் இறகிலும் குடலிலும் அது உயிரோடு இருக்கிறது. பிழைக்க வழியே இல்லாமல் கோழி துடிக்குமானால், அதன் துன்பத்தை எப்படி முடிப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் விடுவதே அறம். பார்த்துப் பொறுக்க இயலாத வேதனையை நீட்டிப்பது அன்பாகாது.

ஏன் இறந்தது என்று கேட்க வேண்டும்

இறந்த கோழியை ஆற்றிலோ கண்மாயிலோ வீசுவது நம் ஊர்களில் காணும் பெருந்தவறு. கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில் மூன்றடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நாய் தோண்டாதபடி மேலே கல் வைக்க வேண்டும்.

புதைக்கும் முன் ஒரு கேள்வி: அது எதனால் இறந்தது? பல மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. பனிக்கட்டி வைத்துக் கட்டிக் காலதாமதமின்றி எடுத்துச் சென்றால் உடற்கூறு ஆய்வால் காரணம் தெரியவரும். "செத்ததைக் கீறிப் பார்த்து என்ன பயன்?" என்று கேட்கத் தோன்றும். நோயின் பெயர் தெரிந்தால்தான் மீதியைக் காக்கும் வழி தெரியும். செத்த கோழி நமக்குச் செய்யும் கடைசி உதவி அது.

ஒரு கோழி ஏன் செத்தது என்ற கேள்வியை அற்பமாக எண்ணாதவர்களால்தான் மனித குலமே பிழைத்தது என்றால் மிகையாகாது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1879-80 ஆண்டுகளில் கோழிகளைக் கொல்லும் காலராவை ஆராய்ந்தார். பழையதாகிப் போன கிருமிக் கரைசலை ஊசியால் ஏற்றியபோது கோழிகள் சாகவில்லை. பின்னர்ப் புதிய கிருமியை ஏற்றியபோதும் அவை தாக்குப்பிடித்தன. ஆய்வகத்தில் கிருமியின் வலிவைக் குறைத்துத் தடுப்பு மருந்து ஆக்கும் கலை அங்கே பிறந்தது. 1885-ல் வெறிநாய்க்கடிக்கு அவர் தந்த மருந்துக்கு வழி காட்டியவை அந்தக் கோழிகளே. டச்சு மருத்துவர் எய்க்மன் சாவகத்தில் கால் தளர்ந்து விழுந்த கோழிகளைக் கவனித்தார். தீட்டிய வெள்ளையரிசிச் சோறே காரணம் என்பதும், தவிடு நீங்காத அரிசியால் அவை எழுந்து நடக்கின்றன என்பதும் தெரிந்தன. பெரிபெரி என்னும் மனித நோயின் மறைபொருள் அப்படித்தான் அவிழ்ந்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. கால் தளர்ந்த கோழியைக் குப்பையில் எறிந்திருந்தால் இவை எதுவும் தெரிந்திருக்காது அன்றோ?

எஞ்சியவற்றைக் காத்தல்

தாய் இறந்து குஞ்சுகள் எஞ்சினால், அதே பருவக் குஞ்சுகளோடு திரியும் வேறொரு தாயிடம் இரவில் மெல்லச் சேர்த்துப் பார்க்கலாம். இருட்டில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தாய் தொற்றுநோயால் இறந்திருந்தால் குஞ்சுகளைத் தனியே வளர்ப்பதே நலம். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு மின்விளக்கைத் தொங்கவிட வேண்டும். முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரம் மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். அளக்கக் கருவி இல்லையேல் குஞ்சுகளே கருவி. விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். விலகி வாய் பிளந்தால் சூடு. பரவலாகப் படுத்துறங்கினால் சரி.

கூட்டத்தில் ஒன்று போன பின் சில நாள் பெரிய கோழிகளுக்குள் சண்டை நடக்கலாம். கோழிகளுக்குள் எது எதைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டு என்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப் 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். ஒன்று மறைந்தால் அந்த வரிசை கலைந்து மீண்டும் அமைய வேண்டும். சண்டை அதற்கே; அஞ்ச வேண்டா.

பஞ்சாரத்தையும் அடையும் இடத்தையும் வெயிலில் நன்கு காயவைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். புதுக் கோழி வாங்க ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். வாங்கிய பின்னும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

வீட்டாரைத் தேற்றுதல்

வீட்டில் சிறுவர் இருந்தால், "அது காட்டுக்குப் போய்விட்டது" என்று கதை கட்டாதீர்கள். நோய் வந்தது, இறந்தது, புதைத்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் பிள்ளை வாசலில் நின்று காத்திருக்கும். மெய் சொன்னால் அழுது ஆறும். புதைத்த இடத்தில் ஒரு செடி நட அதன் கையில் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோழியின் பெயர், பொரித்த நாள், இட்ட முட்டை, தடுப்பூசி போட்ட நாள், நோய் கண்ட நாள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். நினைவும் காக்கப்படும், அடுத்த முறைக்குப் பாடமும் ஆகும்.

வளர்த்த தாயிடம், "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று குற்றம் சாட்டுவது கொடுமை. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு அவர் பொறுப்பல்லர். அவருக்குத் தேவை, அடுத்த தடுப்பூசி நாளை நினைவூட்டும் ஒரு மகனோ மகளோதான்.

வருமுன் காத்தல்

வெள்ளைக் கழிச்சல் வந்த பின் அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. வராமல் தடுக்கும் மருந்து உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடித் தோலில் ஊசி. இதைத் தவறாமல் செய்தால் பெரும்பாலான வீடுகளில் ஒப்பாரிக்கு இடமிராது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நலமான கோழிக்கே போட வேண்டும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகவே பக்கத்துத் தெருவில் நோய் வந்த பிறகு ஓடுவது கண் கெட்ட பின் செய்யும் சூரிய வணக்கம் போன்றது. ஊசி போடத் தெரியாதவர்களுக்கும் எளிதாகும் வகையில், இரையோடு உண்ணக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனர்.

கோடைக்கு முன்பாகப் பிப்ரவரி மாதத்தில், நாட்டுக் கோழிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடும் இருவார முகாம்களைக் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் ஊர்தோறும் நடத்தி வருகிறார்கள். முகாம் நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், காலையில் கோழிகளைத் திறந்துவிட்ட பின் பிடிக்க ஆளில்லை. வயலுக்குப் போகும் அம்மா கோழியைத் துரத்திக்கொண்டு திரிய முடியுமா?

மாணவ நண்பர்களே! இங்கேதான் நம் வேலை இருக்கிறது. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாமுக்கு முதல் நாள் மாலையே தெருத் தெருவாகச் சென்று, "நாளை காலை பஞ்சாரத்தைத் திறக்காதீர்கள்" என்ற ஒரே வாக்கியத்தை வீடுதோறும் சொல்லலாம். மறுநாள் கோழியைப் பிடித்துக் கொடுக்கலாம்; போட்ட நாளைச் சுவரில் கரியால் எழுதி வைக்கலாம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை, பட்டமும் வேண்டுவதில்லை. விலங்கியல் கற்கும் நாங்கள் இதில் முன்னே வருவோம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறோம். வரும் பிப்ரவரியிலேயே தொடங்குவோம்.